அக்ராய்ட் கொலை: கிறிஸ்டி ஆடியது நேர்மையான ஆட்டமா? (முடிவு தெரியக் கூடாதவர்கள் உள்ளே வர வேண்டாம்)

சாய்வுநாற்காலி எழுதியது:

'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நேற்று ராத்திரி முடித்தேன். கடுப்பு இன்னும் அடங்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து நம்மோடு உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்த டாக்டர் ஷெப்பர்டே கொலைகாரர் என்றால், அப்புறம் யாரை நம்பித் துப்பறியும் நாவல் படிப்பது? கதை சொல்பவரைச் சந்தேகப்பட வேண்டியதில்லை என்றுதானே நாம் உள்ளே போகிறோம். அகதா கிறிஸ்டி அந்த நம்பிக்கையிலேயே கை வைத்துவிட்டார். 1926இல் புத்தகம் வந்தபோதே இதை வைத்துப் பெரிய சண்டை நடந்திருக்கிறது. அப்போது சண்டை போட்டவர்கள் பக்கம்தான் நான். மறுக்கிறவர்கள் வரலாம்.

கோமதி டீச்சர் எழுதியது:

தம்பி, கோபம் புரிகிறது. ஆனால் ஷெப்பர்ட் பொய் சொன்ன இடம் ஒன்றே ஒன்று காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

நாலாம் அத்தியாயத்தின் பின்பகுதியைத் திரும்ப எடுங்கள். அக்ராய்டின் படிப்பறையில் அவரும் ஷெப்பர்டும் இருக்கிறார்கள். தற்கொலை செய்துகொண்ட திருமதி ஃபெரார்ஸ் சாவதற்கு முன் போட்ட கடிதம் வருகிறது. தன்னை மிரட்டிப் பணம் பறித்தவன் யார் என்று அதில் எழுதியிருக்கிறார். பெயர் வருவதற்கு முன்பே அக்ராய்ட் நிறுத்திவிட்டு, மீதியைத் தனியாகப் படித்துக்கொள்கிறேன் என்கிறார். அதற்குப் பிறகு ஷெப்பர்ட் எழுதுவதை என் வார்த்தையில் சொல்கிறேன். கடிதம் வந்தபோது மணி எட்டு நாற்பது. நான் கிளம்பியபோது எட்டு ஐம்பது, கடிதம் அப்போதும் படிக்கப்படாமலே கிடந்தது. கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு தயங்கினேன், செய்யாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

இதில் எந்த வாக்கியம் பொய்? எட்டு நாற்பதுக்கும் எட்டு ஐம்பதுக்கும் நடுவில் பத்து நிமிஷம் இருக்கிறது. அதை நீங்களும் கேட்கவில்லை, நானும் முதல் தடவை கேட்கவில்லை. கடைசி அத்தியாயத்தில் ஷெப்பர்டே இந்த வரிகளை எடுத்துக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்கிறார். எல்லாம் உண்மைதான், ஆனால் முதல் வாக்கியத்துக்குப் பின்னால் வரிசையாக நட்சத்திரக் குறி போட்டிருந்தால் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று யாராவது யோசித்திருப்பார்களோ என்கிறார். திமிரைப் பாருங்கள்!

பிணத்தைக் கண்டுபிடித்த பிறகு, பட்லர் வெளியே போன நேரத்தில், 'செய்ய வேண்டிய கொஞ்சத்தைச் செய்தேன்' என்று ஒரு வரி வரும். டாக்டர்தானே, டாக்டர் வேலை ஏதோ பார்த்தார் என்று நாம் தாண்டிப் போய்விடுகிறோம். டிக்டஃபோனை (பேச்சைப் பதிந்து மறுபடி ஒலிக்கவிடும் கருவி) எடுத்து ஒளித்ததும் நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளியதும்தான் அந்தக் 'கொஞ்சம்'.

எதிர்த்தெரு எழுதியது:

டீச்சர் சொல்வது வக்கீல் வாதம். வார்த்தைக்கு வார்த்தை உண்மை, மொத்தத்தில் மோசடி. நீதிமன்றத்தில் இப்படிச் சாட்சி சொன்னால் விடுவார்களா?

என் புகார் வேறு. அக்ராய்ட் நேர்மையா இல்லையா என்பதே எனக்கு இரண்டாம்பட்சம். அக்ராய்டைக் கொன்றது யாராக இருந்தால் எனக்கென்ன? 1945இல் அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் 'நியூ யார்க்கர்' பத்திரிகையில் ஏறக்குறைய இதையேதான் கேட்டார், அக்ராய்ட் பெயரைத் தலைப்பிலேயே வைத்து. அதற்கு முந்தைய வருஷம் அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லர், இங்கிலாந்துக்காரர்களின் இந்த மாளிகை வீட்டுக் கொலைகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி அடித்திருந்தார். கிறிஸ்டியின் 'ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' நாவலின் முடிவையும் விடவில்லை. நிஜத்தில் கொலை செய்கிறவனுக்குக் காரணம் இருக்கும், இந்தக் கதைகளிலோ ஒரு பிணம் வேண்டுமே என்பதற்காகக் கொலை நடக்கிறது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். எனக்கு அது சரி என்றே படுகிறது. கர்னல், பாதிரியார், பணக்காரக் கிழவி, கடன்பட்ட மருமகன் என்று எல்லாம் அட்டை பொம்மைகள். அறுபத்தாறு நாவலிலும் அதே அட்டை.

பாதரசம் எழுதியது:

அட்டை பொம்மை என்றே வைத்துக்கொள்வோம் அண்ணே. பொம்மையின் வயிற்றுக்குள் போகும் விஷம் அசல். நான் மருந்துக்கடைக்காரன், அந்தக் கண்ணோடுதான் கிறிஸ்டியைப் படிப்பேன்.

முதல் உலகப்போரில் டார்க்கி ஊரின் டவுன் ஹாலை ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். அங்கே கிறிஸ்டி முதலில் செவிலியராக வேலை பார்த்தார், பிறகு மருந்து கலக்கும் பிரிவுக்கு வந்தார், 1917இல் மருந்தாளர் உதவியாளர் தேர்வும் எழுதித் தேறினார். மருந்து வருகிறவரை காத்திருக்கும் சும்மா நேரத்தில்தான் முதல் நாவலான 'ஸ்டைல்ஸ்' பற்றிய யோசனையே வந்தது. சுற்றி விஷ பாட்டில்கள், கையில் வேலை இல்லை. வேறு என்ன தோன்றும்?

'ஸ்டைல்ஸ்' கொலை முறையைச் சொல்கிறேன், ஆளைச் சொல்லவில்லை. வீட்டு அம்மா தினமும் ஒரு டானிக் குடிக்கிறார். அந்தக் காலத்து டானிக்குகளில் துளியூண்டு ஸ்ட்ரிக்னின் இருப்பது சகஜம், பசி எடுக்க. அந்தப் பாட்டிலுக்குள் தூக்கத்துக்கான புரோமைடு தூளைப் போட்டால் என்ன ஆகும்? ஸ்ட்ரிக்னின் கரையாத படிகமாக மாறி மெதுவாக அடியில் போய்ப் படியும். ஒவ்வொரு நாளும் மேல் தண்ணீரைக் குடிக்கிறவருக்கு ஒன்றும் ஆகாது. கடைசி வேளை டோஸில் மொத்த ஸ்ட்ரிக்னினும் ஒரே மடக்கில் உள்ளே போய்விடும். கொலைகாரன் அன்றைக்கு ஊரிலேயே இருக்க வேண்டியதில்லை. இது கற்பனை ரசாயனம் இல்லை. மருந்து கலக்கும் பாடநூல்களில் எச்சரிக்கையாகவே கொடுத்திருந்த விஷயம். பாட்டிலைக் 'குலுக்கிக் குடிக்கவும்' என்று நாங்கள் சீட்டு ஒட்டுவது சும்மா அழகுக்கு இல்லை.

நாவலுக்கு வந்த விமர்சனங்களில் பார்மசூட்டிகல் ஜர்னல் என்ற மருந்தாளர் பத்திரிகையின் பாராட்டுதான் அவருக்கு ரொம்பப் பிடித்ததாம். என் தொழில்காரர்கள் பாராட்டியது என்பதால் எனக்கும்.

சின்னசாமி_கோவை எழுதியது:

பாதரசம் சார், டானிக் பாட்டிலைப் பார்க்கவே பயமாக இருக்கிறது இப்போது. இன்னும் எழுதுங்கள்.

பாதரசம் எழுதியது:

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். அவர் சுயசரிதையில் ஒரு மருந்தாளர் வருவார். இவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். ஒரு நாள் அந்த ஆள் மலக்குடலில் வைக்கும் மருந்து உருட்டும்போது, தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டுக் கணக்கிட்டுவிடுகிறார். பத்து மடங்கு வீரியம். பயிற்சிக்கு வந்த பெண் எடுத்துச் சொன்னால் ஏற்கிற ஆளும் இல்லை. கிறிஸ்டி என்ன செய்தார் தெரியுமா? கால் தடுக்கியது மாதிரி விழுந்து, தட்டைக் கவிழ்த்து, மருந்துகளைக் காலால் நசுக்கிவிட்டு, மன்னிப்புக் கேட்டார். மருந்தை மறுபடி உருட்ட வேண்டியதாயிற்று. ஒருவர் உயிர் தப்பியது, ஒருவர் மானமும் தப்பியது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது உள்ளங்கை வியர்க்கும்.

அதே மருந்தாளர் சட்டைப் பையில் குராரே விஷக் கட்டி ஒன்றை எப்போதும் வைத்திருப்பார். ஏன் என்று கேட்டதற்கு, இது இருந்தால் எனக்கு ஒரு அதிகாரம் இருப்பதாகத் தோன்றுகிறது என்றாராம். பல வருஷம் கழித்து 1961இல் வந்த 'தி பேல் ஹார்ஸ்' நாவலை எழுதும்போது கிறிஸ்டிக்கு அந்த மனிதர்தான் ஞாபகம் வந்திருக்கிறார்.

'பேல் ஹார்ஸ்' நாவலில் வரும் விஷம் தாலியம். ருசி இல்லை, மணம் இல்லை, அறிகுறிகள் பத்து வேறு நோய்கள் மாதிரி தெரியும், ஆனால் முடி கொத்துக்கொத்தாக உதிரும். 1977இல் கத்தாரிலிருந்து லண்டன் ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரிக்கு ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். டாக்டர்களுக்கு என்ன நோய் என்றே பிடிபடவில்லை. வார்டில் இருந்த ஒரு நர்ஸ் அப்போது இந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். முடி உதிர்வதைப் பார்த்து, இது தாலியமாக இருக்குமோ என்று சொன்னார். பரிசோதித்தார்கள், தாலியமேதான். குழந்தை பிழைத்தது.

எதிர்த்தெரு எழுதியது:

நல்ல மருந்தாளர் என்பதை நான் மறுக்கவே இல்லை. நல்ல நாவலாசிரியரா என்பதுதான் கேள்வி.

மர்மயோகினி எழுதியது:

அக்ராய்ட் யோசனை முழுக்க அவருடையதும் இல்லை. ஷெர்லாக் ஹோம்ஸின் வாட்சன் மாதிரி கூட இருந்து கதை சொல்கிறவனே குற்றவாளியாக இருக்கலாமே என்று அவருடைய அக்காவின் கணவர் ஜேம்ஸ் வாட்ஸ் ஒரு தடவை பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். 1924இல் மவுண்ட்பேட்டன் பிரபுவும் கடிதம் போட்டு இதே மாதிரி ஒரு யோசனை கொடுத்தார். ஆமாம், பின்னாளில் இங்கே வைஸ்ராயாக வந்தாரே, அவரேதான்!

அதே 1926 டிசம்பரில் கிறிஸ்டி காணாமல் போனதும் பெரிய கதை. கார் நியூலண்ட்ஸ் கார்னர் பக்கம் தனியாக நின்றது, நாடே தேடியது. பதினோரு நாள் கழித்து ஹாரோகேட் ஹோட்டலில் கண்டுபிடித்தார்கள். கணவரின் காதலியுடைய குடும்பப் பெயரைப் போட்டு அறை எடுத்திருந்தார்...

நெறியாளர் எழுதியது:

காணாமல் போன விவகாரத்துக்கு ஏற்கனவே தனி இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளவும். இங்கே நாவல்கள் மட்டும்.

சாய்வுநாற்காலி எழுதியது:

டீச்சர் சொன்ன பத்து நிமிஷத்தைத் திரும்பப் படித்தேன். சரி, பொய் இல்லை. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே? பாதிரியாரும் எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளை எழுதியிருக்கிறார். யாருடைய மன ஓட்டத்தை வாசகர் தொடர்ந்து போக அனுமதிக்கப்பட்டாரோ அவர் குற்றவாளியாக இருக்கக் கூடாது என்பது முதல் கட்டளை. ஷெப்பர்ட் அதை அப்பட்டமாக மீறுகிறார்.

கோமதி டீச்சர் எழுதியது:

நாக்ஸ் பாதிரியார் அந்தக் கட்டளைகளை எழுதியது 1929இல். அக்ராய்ட் அதற்கு மூன்று வருஷம் முந்தியது. வராத சட்டத்தை மீறினார் என்று எப்படித் தம்பி கேஸ் போடுவது?

1930இல் துப்பறியும் கதை எழுத்தாளர்களின் சங்கமான டிடெக்ஷன் கிளப் ஆரம்பித்தபோது, வாசகரிடம் நேர்மையாக ஆடுவோம் என்று உறுப்பினர்களைச் சபதம் எடுக்கவைத்தார்கள். கிறிஸ்டி அதில் தொடக்க உறுப்பினர். பின்னால் தலைவராகவும் ஆனார், மேடையில் பேசச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு (அந்தக் கூச்சம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்). அக்ராய்டுக்காக வாதாடியவர்களில் துப்பறியும் நாவலாசிரியர் டோரதி சேயர்ஸும் உண்டு. எல்லாரையும் சந்தேகிப்பது வாசகரின் வேலை என்பது அவர் கட்சி. 2013இல் பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் ஓட்டெடுத்தபோது, இதுவரை வந்ததிலேயே சிறந்த குற்றப்புனைவு நாவல் என்று அக்ராய்டைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஓட்டுப் போட்டவர்கள் இந்தத் தொழிலின் சூட்சுமம் தெரிந்தவர்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. கிறிஸ்டி வார்த்தையில் ஏமாற்றுவதில்லை. நமக்கு மரியாதை யார் மேல் இருக்கிறது, அலட்சியம் யார் மேல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அதை வைத்துத்தான் ஆடுகிறார். ஷெப்பர்ட் ஊர் டாக்டர், படித்தவர், அடக்கமானவர், தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்கிறவர். அப்படிப்பட்டவர் சொன்னால் நாம் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. அதே கதையை அந்த வீட்டுப் பட்லர் சொல்லியிருந்தால் ரெண்டாம் அத்தியாயத்திலேயே நம் கண் அவன் மேல் போயிருக்கும்.

எதிர்த்தெரு எழுதியது:

பட்லர் என்றதும் ஞாபகம் வருகிறது. வேலைக்காரர்களைக் கிறிஸ்டி எழுதும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அரைகுறை அறிவு, சின்னத் திருட்டு, பெரிய பயம். யூதர்களைப் பற்றி இருபதுகளிலும் முப்பதுகளிலும் எழுதியவை படிக்கவே கூசும். 1939இல் வந்த 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலின் முதல் தலைப்பில் இருந்த இனவெறிச் சொல்லை இன்றைக்கு யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, புத்தகத்தின் பெயரையே மாற்ற வேண்டிவந்தது. உங்கள் 'மரியாதை, அலட்சியம்' எல்லாம் முதலில் அவருடைய சொந்தச் சரக்கு டீச்சர்.

கோமதி டீச்சர் எழுதியது:

யூதர்களைப் பற்றிய வரிகளுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். அவை அசிங்கம்தான்.

வேலைக்காரர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். சீருடை போட்டு டீ கொண்டுவரும் ஆளின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை என்பதையே சாவியாக வைத்து அவர் ஒன்றுக்கு மேற்பட்ட நாவல் எழுதியிருக்கிறார். பெயர் சொன்னால் இங்கே பாதிப் பேருக்குக் கெட்டுவிடும். அந்த மாளிகைக்காரர்கள் ஏமாறுவது, பணிவிடை செய்கிறவனை மனிதனாகவே கணக்கில் எடுக்காததால்தான். வாசகர்களும் அவர்களோடு சேர்ந்துதான் ஏமாறுகிறோம். அவருக்கே அந்த அலட்சியம் இருந்திருக்கலாம். இருந்தும் அதன் விலை என்ன என்று எழுதத் தெரிந்திருக்கிறது.

கிறிஸ்டியின் கதைகளில் துப்பறியும் மிஸ் மார்ப்பிள் மட்டும் என்ன? பின்னல் ஊசியோடு மூலையில் உட்கார்ந்திருக்கும் கல்யாணமாகாத கிழவி. யாரும் மதிப்பதில்லை என்பதுதான் அவர் ஆயுதமே. ஷெப்பர்டின் அக்கா கரோலின் இருக்கிறாரே, வீட்டை விட்டு நகராமலே ஊர்க்கதை முழுவதையும் கையில் வைத்திருப்பவர், அவரை எழுதிய சந்தோஷத்திலிருந்துதான் மார்ப்பிள் வந்திருக்கலாம் என்று கிறிஸ்டியே சொல்லியிருக்கிறார்.

அட்டை பொம்மை என்கிறவர்களுக்கு நான் எப்போதும் கொடுப்பது 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்', 1942. ஓவியர் ஏமியஸ் க்ரேல் விஷத்தில் செத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. மனைவி குற்றவாளி என்று தீர்ப்பாகி அவரும் சிறையிலேயே இறந்துவிட்டார். மகள் வந்து, அக்ராய்டிலும் துப்பறிந்த பொய்ரோவிடம் உண்மையைக் கேட்கிறாள். தடயம் எதுவும் மிச்சமில்லை. ஐந்து பேரின் நினைவு மட்டும்தான், ஐந்து பேரும் எழுதிக் கொடுக்கிறார்கள். ஒரே நாள், ஐந்து நாள்களாகத் தெரியும். அதில் ஒரு சின்ன இடம். மனைவி குளிர்ந்த பியர் கொண்டுவந்து கொடுக்கிறாள். க்ரேல் குடித்துவிட்டு, இன்றைக்கு எல்லாமே வாய்க்கு நன்றாக இல்லை என்று முணுமுணுக்கிறார். விஷம் அந்த பியரில்தான் இருந்தது, அதனால்தான் அப்படிச் சொன்னார் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். அந்த 'எல்லாமே' என்ற சொல்லின் மேல் பொய்ரோ மட்டும்தான் நிற்கிறார். மேலே சொல்லமாட்டேன். எதிர்த்தெரு சார், அதைப் படித்துவிட்டு வந்து பொம்மை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

மர்மயோகினி எழுதியது:

அந்தக் கதை நடக்கும் வீடும் தோட்டமும் டார்ட் நதிக்கரையில் கிறிஸ்டி 1938இல் வாங்கிய க்ரீன்வேதான். ஆற்றை நோக்கிய அந்தச் சுவரோரத் தோட்டம் அப்படியே இருக்கிறது. இப்போது பழைய வீடுகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பார்த்துக்கொள்கிறது, போய்ப் பார்க்கலாம்.

சின்னசாமி_கோவை எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். நூலகத்தில் 'போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்' கிடைத்தது, எடுத்து வந்தேன். யார் பேசுகிறார்கள், எதற்குப் பேசுகிறார்கள் என்றே விளங்கவில்லை. இதையா இவ்வளவு பேர் புகழ்கிறீர்கள்?

பாதரசம் எழுதியது:

ஐயோ, அதையா எடுத்தீர்கள்! 1973இல் வந்தது, அவர் கடைசியாக எழுதிய நாவல். அப்போது அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. டொரன்டோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அவர் நாவல்களைக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். கடைசி வருஷங்களில் சொல்வளம் சுருங்குகிறது, ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருகிறது, 'ஏதோ', 'அது' மாதிரி பிடியில்லாத சொற்கள் கூடுகின்றன என்று கண்டார்கள். மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள். ஊகம்தான். ஆனால் 1972இல் வந்த 'எலிஃபன்ட்ஸ் கேன் ரிமெம்பர்' நாவலின் விஷயமே ஞாபகம் என்பதை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

'கர்ட்டன்' 1975இல் வந்தது, அதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது இரண்டாம் உலகப்போர் நேரத்தில், நல்ல தெம்பில் எழுதிப் பூட்டி வைத்தது. குண்டு விழுந்து தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற யோசனை. பொய்ரோ அதில் சாகிறார், 'நியூ யார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் இரங்கல் செய்தியே போட்டார்கள்.

சின்னசாமி_கோவை எழுதியது:

அப்போ எங்கிருந்து தொடங்குவது? அக்ராய்ட் முடிவைத்தான் நீங்கள் எல்லாரும் சேர்ந்து உடைத்துவிட்டீர்களே.

கோமதி டீச்சர் எழுதியது:

தலைப்பிலேயே எச்சரிக்கை இருந்தது, உள்ளே வந்தது உங்கள் தப்பு!

'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' கையில் கிடைத்தால் அதிலேயே ஆரம்பியுங்கள். சீட்டு ஆடத் தெரிந்தவர் என்றால் 'கார்ட்ஸ் ஆன் தி டேபிள்', 1936. ஒரே அறையில் நாலு பேர் பிரிட்ஜ் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நெருப்போரம் உட்கார்ந்திருந்த விருந்தளித்தவரை அந்த நாலு பேரில் ஒருவர் எழுந்துபோய்க் குத்தியிருக்கிறார். பொய்ரோ கையில் எடுப்பது அவர்கள் ஆட்டப் புள்ளி எழுதிய தாள்களை. யார் எப்படிக் கணக்கு எழுதியிருக்கிறார், யார் எந்தக் கையில் எவ்வளவு ஏலம் கூவினார் என்பதிலிருந்து ஆளின் குணத்தைப் படிக்கிறார். 'கர்ட்டன்' நாவலைக் கடைசிக்கு வையுங்கள். எழுபதுகளில் எழுதியதை எட்டிக்கூடப் பார்க்காதீர்கள்.

எதிர்த்தெரு எழுதியது:

'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' எடுத்து வைத்திருக்கிறேன். சாண்ட்லர் கட்சியை விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சாய்வுநாற்காலி எழுதியது:

நான் அக்ராய்டைத் திரும்பப் படிக்கிறேன், இந்தத் தடவை பென்சிலோடு. இருபத்து மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு இடம் பார்த்தேன். ஷெப்பர்ட் தான் எழுதிக்கொண்டிருக்கும் கதையைப் பொய்ரோவிடமே படிக்கக் கொடுக்கிறார். பொய்ரோ படித்துவிட்டுப் பாராட்டுகிறார். என் பழைய வழக்குகளை எழுதிய நண்பர் ஹேஸ்டிங்ஸ் எழுதினால் பக்கத்துக்குப் பக்கம் 'நான், நான்' என்று வரும், நீங்களோ உங்களைப் பின்னால் வைத்துக்கொண்டீர்கள் என்கிறார். ஷெப்பர்டின் அடக்கத்தை மெச்சுகிறார் என்றுதான் முதல் தடவை எடுத்துக்கொண்டேன். முகத்துக்கு நேரே குற்றம் சாட்டியிருக்கிறார் மனிதர்!

ஆக, நேர்மை என்று ஒத்துக்கொள்கிறேன். டெலிபோன் அழைப்பு சமாச்சாரம் மட்டும் இன்னும் இடிக்கிறது. அவ்வளவு கச்சிதமாகத் திட்டம் போட்ட ஆள், பிணம் எப்போது கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்பதை ஊரைவிட்டுப் போகும் ஒரு நோயாளி ஸ்டேஷனிலிருந்து போடும் போன்காலை நம்பியா வைப்பார்?

மர்மயோகினி எழுதியது:

உங்களைப் போலவே இடித்த ஒருவர் பிரான்சில் புத்தகமே எழுதியிருக்கிறார். பியர் பயார், 1998. ஷெப்பர்ட் கொலைகாரரே இல்லை, பொய்ரோ தப்பாகக் கண்டுபிடித்துவிட்டார், உண்மையில் செய்தது கரோலின், அக்காவைக் காப்பாற்றத்தான் தம்பி பழியை ஏற்றார் என்று வாதாடுகிறார்.

கோமதி டீச்சர் எழுதியது:

கரோலினா? நடக்கவே நடக்காது. அந்த அம்மாள் கொலை செய்திருந்தால் மறுநாள் காலைக்குள் தானே ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்.

நெறியாளர் எழுதியது:

பயார் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் புது இழை திறக்கவும். அங்கேயும் தலைப்பில் எச்சரிக்கை போட மறக்க வேண்டாம்.